அச்சேறாத கதைகளோடு இருப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பத்துப் பேர் கூடி, நாங்கள் எழுதிய கதைகளை வாசிக்கிறோம். ஒன்பது வருடமாக நடக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இன்னும் ஒரு கதைகூட அச்சில் வந்ததில்லை. எனக்கு முதல் கதை வெளிவரப் பதினொரு வருடம் ஆனது. புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளையும், நான் சொல்லிவருகிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒரு கதைகூட அச்சில் வரவில்லை. என்னை எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ளலாமா?

தாராளமாக. முழுதாக எழுதி முடித்த கதை ஒன்று கையில் இருந்தால் போதும். பாதியில் நிற்கிற பத்துக் கதைகள்தான் இருக்கின்றன என்றால், அதில் சின்னதாக ஒன்றை எடுத்து முதலில் முடித்துவிடுங்கள். ஒரு கதையை முடித்த அன்று ராத்திரி மனசு இருக்கிற இருப்பே வேறு. அது தெரியாமல் வெளியிலிருந்து யார் எவ்வளவு தட்டிக்கொடுத்தாலும் நிற்காது.

அனுப்பி நான்கு மாதமாகிறது. பதிலே இல்லை. வேண்டாம் என்று வைத்துவிட்டார்களா?

எங்கள் கூட்டத்தில் அதிகம் பேர் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்பெல்லாம் கதையோடு, தபால்தலை ஒட்டிச் சொந்த முகவரி எழுதிய உறை ஒன்றையும் சேர்த்து அனுப்புவோம். கதை வேண்டாம் என்றால் அந்த உறையில் திரும்பி வரும். தபால்காரர் தெருமுனையில் வரும்போதே அந்தத் தடித்த உறை கண்ணில் பட்டுவிடும். வீட்டில் எல்லார் முன்னாலும் அதைக் கைநீட்டி வாங்குவது கஷ்டம்தான், ஆனால் ஒரு முடிவாவது தெரிந்தது. மின்னஞ்சல் வந்தபிறகு அந்த உறையும் இல்லை. தேர்வானால் மட்டும் தகவல் சொல்வது என்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது.

சிற்றிதழ்களையும் இணைய இதழ்களையும் பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் நடத்துகிறார்கள். சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, ராத்திரியில் உட்கார்ந்து கதைகளைப் படிக்கிறார்கள். உங்கள் கதை இன்னும் திறக்கப்படாமலே இருக்கலாம். பிடித்திருந்தும், போன இதழில் அதே மாதிரி ஒரு கதை வந்துவிட்டதால் ஒதுக்கி வைத்திருக்கலாம். பிடிக்காமலும் இருந்திருக்கலாம். மூன்றுக்கும் உங்களுக்குக் கிடைப்பது ஒரே மௌனம். அதைக் கதையைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் உங்கள் கதையைப் பற்றிய செய்தி எதுவுமே இல்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எந்தக் கதை, எங்கே, என்றைக்கு அனுப்பினேன் என்று எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மரியாதையாக இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று தெரிவித்துவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்பலாம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களின் நம்பிக்கையும் போய்விடும். யூனிகோடில், வேர்ட் கோப்பாக அனுப்புவது நல்லது. எழுத்துப்பிழையை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ஒற்றுப்பிழை மலிந்த கதையை ராத்திரி பதினொரு மணிக்குப் படிக்கிறவர் எத்தனை பக்கம் தாண்டுவார்?

இன்னொன்று. அனுப்பிய அன்றைக்கே அடுத்த கதைக்கு ஒரு வரியாவது எழுதிவிடுங்கள். காத்திருப்பதே வேலையாகிவிட்டால் அந்த நான்கு மாதமும் வீணாகிவிடும்.

கதை உண்மையிலேயே நன்றாக இருந்தால் எப்படியும் அச்சாகிவிடும் என்கிறார்களே?

அப்படி நடக்காததற்குத் தமிழிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரம் பதினெட்டு வயதில் இந்தோனேசியாவுக்கு வேலைக்குப் போனவர். இரண்டாம் உலக யுத்த காலம் முழுவதும் அங்கே இருந்துவிட்டு, ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். 'கடலுக்கு அப்பால்' நாவலை 1950 வாக்கில் எழுதினார். போட இடம் கிடைக்கவில்லை. கலைமகள் பத்திரிகை நடத்திய நாவல் போட்டியில் பரிசு கிடைத்தபிறகு 1959இல்தான் அது புத்தகமானது. 1962 வாக்கில் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' பத்து வருடம் காத்துக் கிடந்து 1972இல் வந்தது. மெடானையும் பினாங்கையும் யுத்தத்தையும் அந்த மொழியில் எழுதியவர் அவருக்கு முன்னால் தமிழில் யாரும் இல்லை. இன்றைக்குத் தமிழின் மிகச் சிறந்த நாவல்களின் பட்டியலை யார் போட்டாலும் அது இருக்கும்.

இந்தக் கதையை "பார், பொறுத்திருந்தால் நல்லது நடக்கும்" என்று சொல்லி முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. ஏனென்றால் சிங்காரம் அதற்குப் பிறகு நாவல் எழுதவே இல்லை. இரண்டே நாவல்கள். மதுரையில் தனியாகவே வாழ்ந்தார், இலக்கிய வட்டாரத்தோடு பெரிய பழக்கமும் கிடையாது. 1997இல் இறந்தார். அவர் நாவலைப் பற்றி ஊரே பேச ஆரம்பித்தபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. அந்தப் பத்து வருடத்தில் கைப்பிரதியைப் படித்துவிட்டு, "அண்ணே, அடுத்தது என்ன எழுதுறீங்க?" என்று வாராவாரம் கேட்க ஒரு ஆள் இருந்திருந்தால் மூன்றாவது நாவல் வந்திருக்குமோ என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அதனால்தான் வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன்: பதிப்பாளரைத் தேடுவதற்கு முன்னால் ஒரு வாசகரைத் தேடுங்கள். ஒருவர் போதும்.

அந்த ஒரு வாசகருக்கு நான் எங்கே போவேன்?

கதை எழுதுகிறவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. என் முதல் வாசகி பெரியம்மா. ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். கண்ணாடி போட்டுப் படிக்கச் சோம்பல்படுவார் என்பதால் நான்தான் வாசித்துக் காட்டுவேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை பஸ் ஸ்டாண்டில் ஒருவருக்காகக் காத்திருக்கும் பெண்ணைப் பற்றி ஒரு கதை எழுதியிருந்தேன். அவளுடைய தனிமையைப் பற்றி நான்கு பக்கம். முழுதும் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ள காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலையா?" என்றார் பெரியம்மா. நான் அதை யோசித்திருக்கவே இல்லை. பசி என்ற ஒன்று உள்ளே வந்ததும் கதை முழுக்க மாறிவிட்டது. கையிலிருக்கும் காசு, டீக்கடைக்காரரின் பார்வை, எழுந்து போனால் அவள் எதிர்பார்க்கிறவர் வந்துவிடுவாரோ என்கிற பயம் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை. அச்சில் வந்த என் முதல் கதை அதுதான்.

படித்துவிட்டு "நல்லாயிருக்கு" என்று மட்டும் சொல்கிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த இடத்தில் போரடித்தது? கதை முடிந்தபிறகு எது ஞாபகம் இருந்தது? இந்த இரண்டுக்கும் யாராலும் பதில் சொல்ல முடியும். குறை சொல்லச் சொன்னால் தயங்குவார்கள்.

வெளியே தேடுவதென்றால், கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கலை இலக்கியப் பெருமன்றம், தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் இரண்டுக்கும் பல ஊர்களில் கிளைகள் உண்டு. போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாலே கதை எழுதுகிற இன்னொருவர் கண்ணில் படுவார். எங்கள் கூட்டமே அப்படி ஒரு கூட்டத்துக்கு வெளியே டீ குடிக்க நின்ற மூன்று பேரால் தொடங்கியதுதான்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு கிராமம். எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அந்த ஒரே ஊர்க்காரர்கள், சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள். சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து பாட்டுக் கேட்டார்கள். அழகிரிசாமி பிழைப்புக்காக வெளியூர் போன பிறகும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கடிதங்கள் பின்னால் புத்தகமாகவும் வந்தன. இருவருக்குமே சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது என்பதை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட, ஒருவருக்கொருவர் வாசகராக இருந்தார்களே, அதுதான் பெரிதாகப் படுகிறது.

எனக்கு நாற்பது ஆகிவிட்டது. இனிமேல் முடியுமா?

முடியும். இப்போது சொன்ன கி.ரா. பிறந்தது 1923இல். அவருடைய முதல் கதை 'மாயமான்' சரஸ்வதி இதழில் வந்தது 1958இல், முப்பத்தைந்து வயதில். அதற்குப் பிறகு அறுபது வருடம் எழுதினார். கதைக்கு வேண்டிய சரக்கு வயதோடு கூடத்தான் செய்யும்.

வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. உட்கார்ந்து எழுத இடமும் இல்லை, நேரமும் இல்லை.

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். "மனம் இருந்தால் நேரம் தானாக வரும்" என்று அவர்களிடம் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் அது பொய். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து மூன்று பேருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறவருக்கு நேரம் தானாக வராது.

திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மா எப்படி எழுதினார் என்பது பலருக்கும் தெரியும். வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. கல்யாணமான பிறகு எழுதுவதற்கு வீட்டில் தடை. ராத்திரியில் குளியலறையில் நின்றபடி எழுதினார். எழுதியதை வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தது அவருடைய அம்மா. சொந்தப் பெயரில் வெளியிட முடியாததால் எடுத்துக்கொண்ட பெயர்தான் சல்மா. முதல் கவிதைத் தொகுப்பு 2000இல் வந்தது, 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல் 2004இல். எல்லாரும் அப்படிச் சிரமப்பட வேண்டும் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. யாருமே அப்படிச் சிரமப்படக் கூடாது. ஆனால் அவருக்கும் அந்தக் காகிதங்களை வாங்கிக்கொண்டு போக ஒரு ஆள் இருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா பால் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் எழுதுகிறார். நாளைக்கு ஐந்தாறு வரிதான். அடுப்படியில் நிற்கும்போது அடுத்த ஐந்து வரியை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாராம். ஒரு கதைக்கு மூன்று மாதம் ஆகிறது. வருடத்துக்கு நான்கு கதை! நான் எழுதுவதைவிட அதிகம். கையால் எழுத முடியாதவர்கள் செல்பேசியில் பேசிப் பதிவு செய்து வைக்கலாம். பேருந்தில் போய்க்கொண்டே தட்டச்சு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டாருக்குக் கதை பிடிக்க வேண்டும் என்றுகூட எதிர்பார்க்காதீர்கள். அந்த அரைமணி நேரம் உங்களைக் கூப்பிடாமல் இருந்தால் போதும். அதை வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டபிறகு கொடுத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கூட எழுதத் தொடங்கிய சிநேகிதியின் கதை வந்துவிட்டது. சந்தோஷப்படவே முடியவில்லை. நான் கெட்டவளா?

இல்லை. எல்லாருக்கும் வரும். எனக்கு அந்தப் பொறாமை வந்தபோது, சிநேகிதியின் கதையை மூன்று முறை படித்தேன். முதல் முறை குறை கண்டுபிடிக்கப் படித்தேன். மூன்றாவது முறை, அவள் எங்கே கதையைத் தொடங்கியிருக்கிறாள் என்பது புலப்பட்டது. நான் எப்போதும் ஒரு பக்கம் ஊரை வர்ணித்துவிட்டுத்தான் தொடங்குவேன். அவள் நேராகச் சண்டையில் தொடங்கியிருந்தாள். அன்றைக்கே அவளைக் கூப்பிட்டு அதைச் சொன்னேன். அப்புறம் மனசு லேசாகிவிட்டது.

பிரதிலிபி, முகநூல், கிண்டில் எல்லாம் இருக்கின்றனவே. அங்கே போடலாமா?

போடலாம், ஒரு விஷயம் தெரிந்துகொண்டு. பல இதழ்களும் போட்டிகளும் வேறெங்கும் வெளிவராத கதையைத்தான் கேட்கின்றன. முகநூலில் போட்டதையும் வெளிவந்ததாகவே கணக்கில் எடுப்பார்கள். அதனால் இதழுக்கு என்று நினைக்கிற கதையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதிலிபி மாதிரியான இடங்களில் தொடர்கதைக்குப் பெரிய வாசகர் கூட்டம் உண்டு. அடுத்த பகுதி எப்போது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வாராவாரம் எழுத வைக்கும், அது நல்ல பழக்கம். எண்ணிக்கையைத்தான் ஒரு நாளைக்கு இருபது தடவை பார்க்கத் தோன்றும். எத்தனை பேர் படித்தார்கள் என்பதைவிட, யார் ஒருவர் ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு வரி எழுதுகிறார் என்று பாருங்கள். அவரோடு பேசுங்கள். உங்கள் வாசகர் அவராகவும் இருக்கலாம்.

பணம் கொடுத்தால் புத்தகம் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். கொடுக்கலாமா?

சொந்தச் செலவில் புத்தகம் போடுவது கேவலமில்லை. எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையை 1959 முதல் 1970 வரை கையைச் சுட்டுக்கொண்டு நடத்தினார். புத்தகங்களை மூட்டையாகச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 'சுதந்திர தாகம்' நாவலை 1997இல் தாமே வெளியிட்டார், வயது எண்பதுக்கு மேல். அவர் மறைந்த பிறகு 2001இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது.

ஆனால் செல்லப்பாவுக்குத் தன் புத்தகம் எத்தனை பிரதி, எங்கே இருக்கிறது என்று தெரியும். பணம் வாங்கிக்கொண்டு போடுகிற பலரிடம் அந்தக் கணக்கு கிடைக்காது. நானே ஒருமுறை நகையை அடகு வைத்துக் கொடுத்தேன். ஐந்நூறு பிரதி என்று பேச்சு. நூறு பிரதியை வீட்டுக்கு அனுப்பினார்கள், மீதி என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. அட்டையில் என் பெயரில் ஓர் எழுத்து தப்பு. அந்தக் கட்டைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, ஒன்றரை வருடம் ஒரு வரி எழுதவில்லை. பணம் போனதைவிட அந்த ஒன்றரை வருடம் போனதுதான் இன்னும் வலிக்கிறது.

கொடுப்பதாக இருந்தால் எத்தனை பிரதி, என்ன விலை, விற்றால் உங்களுக்கு எவ்வளவு, விற்காத பிரதி யாருக்கு, உரிமை யாரிடம் என்று எழுதி வாங்குங்கள். இப்போது ஐம்பது நூறு பிரதிகூடத் தேவைக்கேற்ப அச்சிட முடிகிறது. ஆயிரம் பிரதி போட்டே ஆக வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். பொங்கலை ஒட்டிய சென்னைப் புத்தகக் காட்சிக்குள் போட்டுவிடலாம் என்று டிசம்பரில் அவசரப்படுத்தினால் இன்னும் கவனம். அந்த மாதத்தில் பதிப்பகங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, உங்கள் கையெழுத்துப் பிரதியை நிதானமாகப் படிக்க ஆள் இருக்க மாட்டார்.

போட்டிகளுக்கு அனுப்பலாமா?

அனுப்புங்கள். கடைசித் தேதி என்று ஒன்று இருப்பதே பெரிய உதவி. சொல் எண்ணிக்கையை மீறாதீர்கள். கதை என் சொந்தக் கற்பனை, தழுவலோ மொழிபெயர்ப்போ இல்லை, வேறெங்கும் வெளிவரவில்லை என்ற உறுதிமொழிக் கடிதத்தை மறக்காமல் சேருங்கள். அது இல்லாமல் ஒதுக்கப்படும் கதைகள் உண்டு.

எழுதவே வரவில்லை. மாதக்கணக்கில் இப்படியே இருக்கிறது.

இருக்கட்டும். எழுத்தாளர் சுந்தர ராமசாமியே 'ஒரு புளியமரத்தின் கதை' நாவல் 1966இல் வந்தபிறகு சில வருடங்கள் எழுதாமல் இருந்தவர்தான். அந்தச் சமயத்தில் மற்றவர்களின் கதைகளைப் படியுங்கள், எங்களை மாதிரி யாருக்காவது வாசகராக இருங்கள். இன்னொருவர் கதையில் எங்கே தொய்வு என்று தேடும்போது கை தானாகப் பேனாவுக்குப் போன அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு.

ஒரேயடியாக விட்டுவிடலாம் என்று தோன்றினால்?

விடலாம். அது குற்றமில்லை. ஒன்றுமட்டும்: எழுதுவதை விடுகிறீர்களா, அனுப்புவதை விடுகிறீர்களா என்று யோசியுங்கள். எங்களோடு இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதழ்களுக்கு அனுப்புவதை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. மாதம் ஒரு கதை எழுதிக் கூட்டத்தில் வாசிக்கிறார். அவர் கதைக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று தொடங்க ஆசை. எப்படி நடத்துகிறீர்கள்?

மூன்று பேர் போதும். இடத்துக்கு யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையோ மாடியோ பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு இரண்டு கதைகள், அதற்கு மேல் வேண்டாம். எழுதியவர் தன் கதையைத் தானே வாசிக்கக் கூடாது, இன்னொருவர் வாசிக்க வேண்டும். வாசிக்கிறவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்தாலே எந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். எல்லாரும் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. இது முதல் மாதம் ரொம்பக் கஷ்டமாக இருக்கும். பேசுகிறவர்கள் முதலில் மனசில் நின்ற இடத்தைச் சொல்ல வேண்டும், பிறகு தொய்ந்த இடத்தை. கதையை விட்டு எழுதியவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். டீச் செலவை முறை வைத்துக்கொள்ளுங்கள். கலையும்போது அடுத்த மாதம் யார் கதை என்று பெயரைச் சொல்லிவிட்டுக் கலையுங்கள்.